பாட்டு நிற்கும் இடம்

மாடியில் லாம்பர்ட் தொண்டையைக் கனைப்பது கீழே ஜெனோவாவுக்குக் கேட்டது. ஒரு தடவை கனைத்தால் அது சும்மா. இரண்டு தடவை கனைத்தால் கப்பல் பாட்டு. வேறு எந்தப் பாட்டுக்கும் அந்த மனுஷன் இந்த மரியாதையைக் கொடுப்பதில்லை, கோயிலில் பாடும்போதுகூட ஒரு கனைப்போடு சரி. அவள் இஸ்திரிப்பெட்டியைச் சட்டைக் காலரில் வைத்து அழுத்தினாள். நாளைக்குச் சாயங்காலம் கிளப்பின் ஆண்டு விழா, நான்கு வெள்ளைச் சட்டை, முதுகில் ‘லோ டைட்’ என்று இசைக்குழுவின் பெயர், நீல நூலில் அவளே போட்ட எழுத்து. லாம்பர்ட்டுக்கு ஒன்று, டிரம்ஸ் அடிக்கிற ஸ்தனிஸ்லாஸுக்கு ஒன்று, அவனுக்கு மட்டும் வருஷத்துக்கு வருஷம் இடுப்பில் துணி கூட்ட வேண்டியிருக்கிறது, பேஸ் கிதார் கிராசியானுக்கு ஒன்று, நாலாவது சட்டை இந்த வருஷம்தான் புதிதாக, ரெனிட்டாவுக்கு. மகள் என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்லியும் இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், காலேஜ் வாசலில், அம்மாவா என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்றுதான் சொன்னாள், ஆனால் சொல்லி முடித்ததும் பின்னால் யாரோ நின்று கேட்டுக்கொண்டிருப்பது போல இருக்கும். இப்போது மேலே கிதார் தொடங்கிவிட்டது. தகரக் கூரை போட்ட அந்த அறை முழுக்க அதிர்ந்து, அந்த அதிர்வு சுவர் வழியாக இறங்கி, இஸ்திரி மேஜையின் மேலிருக்கும் தண்ணீர்க் கிண்ணம் வரை வந்துவிடும். வந்த புதிதில் இந்தச் சத்தத்துக்குத் தலை வலித்தது. கோவில்பட்டியில், கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில், பதினைந்து மெஷின் ஒன்றாக ஓடும் சத்தத்துக்குப் பழகியவளுக்கே வலித்தது. இப்போது சத்தம் இல்லாவிட்டால்தான் வீட்டில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது. லாம்பர்ட் பாடினான். வார்த்தை ஒன்றும் புரியாது, கப்பல் வருது கப்பல் போகுது என்று அவன் ஒருமுறை அர்த்தம் சொன்னதோடு சரி, ஆனால் எந்த இடத்தில் அவன் குரல் தாழும், எந்த இடத்தில் மூச்சு வாங்குவான் என்பதெல்லாம் இவளுக்கு மனப்பாடம். இரண்டாவது சரணம் முடிந்தது. மேலே ஏறுகிறது, ஏறுகிறது, இதோ அந்த இடம், எல்லாம் ஒரே வெட்டாக நின்றது. நாலு தாளத்துக்கு ஒன்றுமில்லை. அவள் கை தானாக இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி மரத்தாங்கியில் டொக்கென்று வைத்தது. மேலே டிரம்ஸ் விழுந்தது, பாட்டு மறுபடி ஓடியது.

ஏன் அப்படி வைக்கிறோம் என்று அவளுக்கே வெட்கமாக இருக்கும். அந்த இடம் வந்தால் கையில் எது இருந்தாலும் வைத்துவிடுவாள், கரண்டி என்றால் சட்டி விளிம்பில் தட்டிவிடுவாள், கத்தி என்றால் பலகையில். கோயிலைக் கடக்கும்போது விரல் தானாகச் சிலுவை போடுகிறதே, அந்தப் பழக்கம்தான். ஆனால் சிலுவை போடுவது பக்தி, இது என்ன? சரியாகச் சொன்னால் இது பொறாமை, செத்துப்போனவள் மேல் பொறாமை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அந்த நாலு தாளத்தில் ஒருத்தி இருக்கிறாள், அது இவளுக்குத் தெரியும், இவளுக்குத் தெரியும் என்பது லாம்பர்ட்டுக்குத் தெரியாது. கல்யாணம் ஆன முதல் மாதம், அவன் துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிருந்தான், கப்பலில் ஏறுகிற இறங்குகிற சரக்கை எண்ணி எழுதுகிற உத்தியோகம், ரெனிட்டா ஸ்கூலுக்குப் போயிருந்தாள், இவள் அலமாரி தூசி தட்டும்போது அந்தப் பழைய டேப் ரெக்கார்டரும் அதற்குள்ளேயே கேசட்டும். சும்மா அமுக்கிப் பார்த்தாள். வெள்ளைக்காரன் ஒருவன் பாடினான், பெல்ட் தளர்ந்த ரெக்கார்டர், தூக்கம் கலையாதவன் பாடுவதுபோல இழுத்துக்கொண்டு போனது, அட, நம்ம வீட்டுக் கப்பல் பாட்டுல்லா இது என்று நின்று கேட்டாள், இரண்டாவது சரணம் முடிந்து மேலே ஏறுகிற இடத்தில் பாட்டு அறுந்தது, அந்த அறுந்த இடத்தில் ஒரு பெண் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல ‘ஐயோ’ என்றது, அப்புறம் அரைச் சிரிப்பு, சிரிப்பு முடிவதற்குள் மறுபடி பாட்டு. பாட்டை நிறுத்த நினைத்த அந்தப் பெண் பதிவு செய்கிற சிவப்புப் பட்டனை அமுக்கியிருக்கிறாள், பாட்டு அழிந்து அந்த இடத்தில் வீடு பதிந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். யார் வீட்டிலும் நடந்திருக்கக்கூடிய பிசகு. ஜெனோவா அன்றைக்குத் திருப்பித் திருப்பிக் கேட்டாள், சோறு வைக்கவே மறந்துபோகும் வரை கேட்டாள். சுவரில் மாலை போட்டிருந்த போட்டோவில் லாம்பர்ட்டின் முதல் மனைவி மெட்டில்டா வாயை மூடிக்கொண்டு கெட்டியாக நின்றாள். அந்த மெட்டில்டாவிடம் இவளுக்குப் பயம் இல்லை, தினம் விளக்கைத் துடைத்து வைக்கிறாள், மாதா படத்துக்கு வைக்கிற பூவில் பாதி அவளுக்கும் வைக்கிறாள். இந்த ‘ஐயோ’ சொன்னவளிடம்தான் பயம். அவள் உயிரோடு இருந்தாள்.

மொத்த ஊருக்கும் அந்தப் பாட்டு அப்படித்தான் தெரியும், நடுவில் நிற்கிற பாட்டாக. ஏதோ ஒரு கப்பலில் வந்த மாலுமி லாம்பர்ட்டிடம் கொடுத்துவிட்டுப் போன கேசட், எந்த நாட்டு இசைக்குழு என்றே தெரியாது, பெயர் எழுதிய அட்டையும் இல்லை. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் மூன்று பேரும் கற்றுக்கொண்டார்கள், தளர்ந்த பெல்ட்டின் வேகத்திலேயே. அழிந்துபோன இடத்தில் என்ன வார்த்தை இருந்தது என்பது மட்டும் தெரியவில்லை. தெரியாததை எப்படிப் பாட, நிறுத்திவிட்டார்கள். கல்யாண வீட்டில் அந்த இடம் வரும்போது இளவட்டங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்குமாம், அப்புறம் டிரம்ஸ் விழுந்ததும் ஓவென்று கத்துமாம். ஜெனோவா ஒரே ஒரு கச்சேரிக்குத்தான் போனாள். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் மேடையைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்தார்கள், தலையிலிருந்து கால் வரை பார்த்தார்கள், பார்த்துவிட்டு ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள், அவ்வளவுதான், அப்புறம் போகவில்லை. லாம்பர்ட் கூப்பிடத்தான் செய்கிறான், பிள்ளைக்குப் பரீட்சை, தலைவலி, மாவு ஆட்டணும், எதையாவது சொல்லிவிடுவாள். பாட்டு வேண்டிய மட்டும் கீழேயே கேட்கிறதே.

சட்டைக் கையை விரித்தாள். மாதிரி. இந்த ஒரு வார்த்தை பதினோரு வருஷமாக அவளைப் படுத்துகிறது. கரிசல்காட்டுக்காரிக்கு மீன் கழுவவே தெரியாது, பக்கத்து வீட்டில் கேட்டுக் கேட்டு, செதிள் குத்தி, விரல் கிழிந்து, ஒருவழியாகச் சீலா மீன் குழம்பு பிடிபட்டது. மாதா சபைப் பெண்கள் வந்து சாப்பிட்டுவிட்டு என்ன சொன்னார்கள்? அப்படியே மெட்டில்டா வச்ச மாதிரியே இருக்கு. நல்ல மனசோடுதான் சொன்னார்கள். பிள்ளைக்குத் தலை பின்னி அனுப்பினால் டீச்சர், அவங்க அம்மா பின்னுற மாதிரியே பின்னுறீங்களே. பின்ன, பிள்ளை அழாமல் இருக்க வேண்டுமே, பழைய போட்டோவை வைத்துக்கொண்டல்லவா பின்னக் கற்றுக்கொண்டாள். மாதிரி, மாதிரி, மாதிரி. தையல் வகுப்பில் மாதிரி என்றால் வேறு. அங்கே முதல் துணிதான் மாதிரி, சிஸ்டர் ஒரு ஜாக்கெட்டை வெட்டித் தைத்து ஆணியில் தொங்கவிடுவார், இதுதான் மாதிரி, இதைப் பார்த்து மற்றவர்கள் தையுங்கள் என்பார். அதே சொல்தான், அங்கே அசல், இங்கே நகல். ஒரே சொல் எப்படி இரண்டு பக்கமும் போகிறது என்று யோசித்துக்கொண்டே இருந்தால் புத்தி சுற்றும். தான் எந்தப் பக்கத்து மாதிரி என்று அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. லாம்பர்ட் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை என்பதும் நிஜம். பெண் பார்க்க வந்த அன்றைக்கு மடத்துப் பார்வையாளர் அறையில் விரல் நுனியெல்லாம் காய்த்துப்போன அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு, வீட்டுல பாட்டுச் சத்தம் பெருசா இருக்கும், பொறுத்துக்கிடுவீங்களா என்று கேட்டான். வேறு ஒன்றுமே கேட்கவில்லை. முப்பத்துநாலு வயதுக்காரியிடம் ஊரார் கேட்கிற எத்தனையோ கேள்வியில் ஒன்றையும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விக்காகவே அவனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று, இன்றைக்கு வரை பிடிக்கிறது, குறட்டை, மறதி, கழற்றிய சட்டையைக் கிதார் மேல் போடுகிற புத்தி எல்லாவற்றோடும் பிடிக்கிறது. பிடிக்கிறதனால்தான் அந்த நாலு தாளம் குத்துகிறது. பிடிக்காத மனுஷன் எந்த இடத்தில் நின்றால் என்ன.

மேலே பாட்டு முடிந்துவிட்டது. ரெனிட்டாவின் குரல் படிக்கட்டு வழியாக இறங்கிவந்தது. கோயம்புத்தூரில் படிக்கிற பிள்ளை, அங்கேயும் ஒரு இசைக்குழுவில் கீபோர்டு வாசிக்கிறாள், லீவுக்கு வந்த நாளிலிருந்து ஏதோ ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு சுற்றினாள். அதை இப்போது அவிழ்க்கிறாள்.

“அப்பா, ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது. ஒரிஜினல் கெடச்சிருச்சு.”

“எந்தப் பாட்டுக்கு மக்கா ஒரிஜினல்?”

“கப்பல் பாட்டுக்குத்தான். யாரோ பழைய ரெக்கார்டுலருந்து எடுத்து நெட்டுல போட்டுருக்காங்க. நம்ம பாடுறது ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா. நடுவுல நிக்கவும் இல்ல.”

“ஏல ஸ்தனி, கேட்டியா?” இது கிராசியான். “அந்த வார்த்தை கெடச்சிட்டாம்ல!”

ஸ்தனிஸ்லாஸ் டிரம்ஸ் குச்சியைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. அந்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று இரண்டு பேரும் இருபது வருஷமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். கடவுள் பெயர் என்பது கிராசியான் கட்சி. ஏதோ பச்சையான கெட்ட வார்த்தை, அதனால்தான் மாதாவே அழித்துவிட்டார் என்பது ஸ்தனிஸ்லாஸ் கட்சி. ஜெனோவா இஸ்திரிப்பெட்டியின் சுவிட்சை அணைக்காமலே படிக்கட்டுப் பக்கம் இரண்டு எட்டு நகர்ந்தாள். சின்ன ஸ்பீக்கரில் பாட்டு வந்தது. முதலில் அது அந்தப் பாட்டு என்றே தெரியவில்லை. ஓடியது, பஸ்ஸைப் பிடிக்கப் போகிற பையன் மாதிரி ஓடியது, பாடுகிறவனுக்கு இருபது வயதுகூட இருக்காது, மெல்லிய குரல், துக்கம் ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது, ஆனால் இவன் ஏன் நிற்கவே மாட்டேன் என்கிறான், மூச்சு வாங்குகிற இடத்தில்கூட வாங்காமல் போகிறானே, லாம்பர்ட் என்றால் அங்கே குரலைத் தாழ்த்தி ஒரு கை தண்ணீர் குடிப்பதுபோல நின்று போவானே என்று அவளுக்கு யாரோ தெரியாத பிள்ளை மேல் கோபம் வந்தது. அசல்காரன் தப்பாகப் பாடுகிறான் என்று நினைக்கிறாள் பாருங்கள். அவளுக்கே சிரிப்பு வந்தது. இரண்டாவது சரணம், மேலே ஏறுகிற இடம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் பையன் ‘யே யே’ என்றான். அதோடு போய்விட்டான்.

மாடியில் யாரோ ஸ்பீக்கரை அணைத்தார்கள்.

“வெறும் யே யேயா?” என்றான் ஸ்தனிஸ்லாஸ். “இதுக்கால நான் இவ்வளவு காலம் ஒங்கூட மல்லுக்கு நின்னேன்?”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், கீழே நின்றவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கும்போதுதான் அது உறைத்தது. இனி அந்த இடம் என்ன ஆகும்? பிள்ளை கேட்கப்போகிறாள், அசல்படியே பாடலாம் என்று கேட்கப்போகிறாள், லாம்பர்ட் அவள் கேட்டு எதற்கு மாட்டேன் என்றான். பாட்டு நிற்காது. நாலு தாளம் அடைபடும். இத்தனை வருஷம் அடைபட வேண்டும் என்றுதானே நினைத்தாய், சமையலறையில் நின்றுகொண்டு, கரண்டியை ஓங்கிக்கொண்டு, போ, போ என்று. இப்போது போகப்போகிறாள், உனக்குச் சந்தோஷம்தானே? சந்தோஷம் இல்லை. சந்தோஷம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள், இல்லை. பெற்ற பிள்ளையே தெரியாமல் அம்மாவின் குரலைத் துடைக்கப்போகிறாள், அந்தக் குரல் வேறு எங்கேயும் இல்லை, ரெக்கார்டர் செத்துப்போய் எத்தனையோ காலம் ஆகிறது, கேசட்டில் பூஞ்சை. மேலே ஏறிப்போய் வேண்டாம் மக்கா என்று சொல்லலாம். சொல்ல யார் இவள்? அது உன் அம்மாவின் இடம் என்று இவள் வாயால் சொல்ல வேண்டும், சொன்னால் அவள் இடம் அவளுக்கு என்று பத்திரம் எழுதிக் கொடுத்ததுபோல ஆகிவிடும், அப்புறம் இந்த வீட்டில் இவளுக்கு எது இடம். அந்த நாலு தாளம் இருந்தால் வீட்டில் இன்னொருத்தி, போனால் ஒரு பாவம். ஒரு காலைப் படியில் வைத்தபடியே நின்றாள்.

“நீங்க பாடுறது நல்லாத்தான் இருக்கு அங்கிள்,” என்றாள் ரெனிட்டா, “ஆனா ஒரிஜினல் ஒரிஜினல்தான? நாம அடுத்தவங்க பாட்டப் பாடுறோம். அவங்க வச்ச மாதிரி வைக்கணும்லா.”

“அப்படியே வைக்கதுக்கு எதுக்கு மக்கா நாலு ஆளு, அந்த ஸ்பீக்கரே போதுமே,” என்றான் கிராசியான். “இந்த ஊருல போய்க் கேளு. அந்தப் பையன் பாடுனத போட்டுக் காட்டுனா, லாம்பர்ட் பாட்ட யாரோ கெடுத்துட்டான்னுதான் சொல்லுவான்.”

“அது பழக்கம் அங்கிள். உசத்தின்னு ஆயிடாது.”

லாம்பர்ட் யோசிக்கும்போது கிதாரின் அடித்தந்தியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருப்பான், அந்த உறுமல் கேட்டது. ஜெனோவாவுக்கு அவன் முகம் தெரியாமலே தெரிந்தது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருப்பான்.

“ரெனி, அந்த இடம் ஏன் நிக்கிதுன்னு ஒனக்கு நான் சொன்னதில்ல,” என்றான். “கேசட்டுல அந்த இடத்த அழிச்சது ஒங்கம்மா. நீ கைப்பிள்ள. தொட்டில்ல அழுத. பாட்ட நிறுத்துதேன்னு வந்து செவப்புப் பட்டன அமுக்கிட்டா. ஐயோன்னா. சிரிச்சா. அது பதிஞ்சிருச்சு. அந்த எடம் அவ எடம்னு விட்டுட்டோம்.”

அவன் சொல்லிவிட்டான். பதினோரு வருஷமாக இவள் ஒருத்தியே கட்டிக்காத்த ரகசியத்தை அவன் என்னவோ மீன் விலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டான். மேலே பிள்ளை அழுகிறாளா? இல்லை, மூக்கை உறிஞ்சுகிறாள், ஆமாம், அழுகிறாள். கீழே இவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பொறாமையால் இல்லை, அந்தத் தொட்டில் விஷயம் இவளுக்குத் தெரியாது, அந்த ‘ஐயோ’ பிள்ளைக்காக ஓடிவந்த ‘ஐயோ’ என்று தெரியாது. தன்னை நோக்கிச் சொன்னது போலவே இத்தனை நாளும் கேட்டிருக்கிறாள். பாவம், ஈரக்கையோடு ஓடிவந்திருப்பாள், எந்தப் பட்டன் என்று பார்க்கவா நேரம். தானும் அப்படித்தான் ஓடியிருக்கிறாள், பிள்ளைக்கு அம்மை போட்ட வருஷம், இருட்டில் சுவரில் முட்டிக்கொண்டு. திடீரென்று ஏதோ தீய்கிற வாடை. ஐயோ என்று திரும்பி ஓடினாள். இஸ்திரிப்பெட்டி தாங்கியிலிருந்து சரிந்து, நுனி ரெனிட்டாவின் சட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தாள், நல்லவேளை, உள்பக்கத் தையலில் லேசாகப் பழுத்ததோடு சரி, வெளியே தெரியாது. அப்புறம்தான் தன் வாயிலிருந்து வந்த சொல் காதில் விழுந்தது. அவளும் ஐயோ என்றிருக்கிறாள். யார் மாதிரி என்று கேட்க இப்போது யாரும் இல்லை. ஜெனோவா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“அப்படின்னா அந்த எடம் இருக்கட்டும்ப்பா,” என்று மேலே ரெனிட்டா சொன்னாள். குரல் உடைந்து ஒட்டியிருந்தது. “யே யே வேண்டாம். மறுபடி முதல்லருந்து போவோம். அம்மாவுக்காக.”

இரண்டு கனைப்பு. பாட்டு தொடங்கியது. ஜெனோவா எழுந்து சட்டையின் முதுகை விரித்து, ‘லோ டைட்’ எழுத்தின் மேல் ஈரத்துணி போட்டு, மெதுவாக இஸ்திரிப்பெட்டியை ஓட்டினாள். இன்றைக்குக் கை அமைதியாக இருக்க வேண்டும். இதுவரை தெரியாமல் செய்தது போகட்டும். இப்போது தாயும் மகளும் சேர்ந்து நிற்கப்போகிற இடம் அது, அதற்குள் மூன்றாவது ஆள் போய் எதையும் டொக்கென்று வைக்கக் கூடாது, வைத்தால் அது அசிங்கம். அசிங்கம் மட்டுமா, கெட்ட மனசு. மெட்டில்டா, நீ பேசு தாயி, நான் குறுக்கே வரவில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டபோது வலித்தது, ஆனால் சுத்தமான வலி, முள்ளை எடுத்த பிறகு வலிக்கிற வலி. முதல் சரணம். பிள்ளையின் கீபோர்டு அப்பாவின் குரலுக்கு அடியில் பாய் விரித்ததுபோல விழுந்தது. எவ்வளவு நன்றாக வாசிக்கிறாள். இந்த விரல்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் நகம் வெட்டிவிட்டது யார் என்று கேட்டால் அதற்குமட்டும் இவளிடம் பதில் உண்டு. இரண்டாவது சரணம். லாம்பர்ட் குரலைத் தாழ்த்தினான், மூச்சு வாங்கினான். ஏறுகிறது. அவள் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிக் கையிலேயே பிடித்துக்கொண்டாள். பாரமாக இருந்தது, வைக்க மாட்டேன், வைக்க மாட்டேன். எல்லாம் ஒரே வெட்டாக நின்றது.

நின்றது, நின்றுகொண்டே இருந்தது. நாலு தாளம் போயிற்று, எட்டு போயிற்று. தெருவில் ஐஸ்காரன் மணி கேட்டது. துறைமுகத்துப் பக்கம் ஏதோ கப்பல் ஊதியது. மேலே யாரும் வாசிக்கவில்லை, யாரும் பேசவில்லை, டிரம்ஸ் விழவே இல்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா, அழுது மயங்கிவிட்டாளா, இல்லை இவருக்கு நெஞ்சில் ஏதாவது? கை விரல்கள் மரத்துப்போய் இஸ்திரிப்பெட்டியை இன்னும் தூக்கிப் பிடித்தபடியே அவள் படிக்கட்டைப் பார்த்தாள்.

“என்னல, கீழ சத்தத்தக் காணோம்?” என்று ஸ்தனிஸ்லாஸ் கேட்டது தெளிவாக விழுந்தது.

செருப்பில்லாத கால் தடதடவென்று வந்தது. படிக்கட்டின் மேல் முனையில் லாம்பர்ட், கழுத்தில் கிதார், கண்ணாடி நெற்றியில்.

“ஜெனோ, என்னாச்சு? ஏன் தட்டல?”

“எத?”

“எப்பமும் தட்டுவியே. டொக்குன்னு.”

அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. திருடியைக் கையும் களவுமாகப் பிடித்ததுபோல இருந்தது. “அது... அது அவங்க எடம்லா,” என்றாள். “இப்பத்தான சொன்னீங்க. நான் எதுக்கு நடுவுல.”

லாம்பர்ட் புரியாமல் பார்த்தான். அந்த மனுஷனுக்கு மெதுவாகத்தான் புரியும், அதுவும் தளர்ந்த பெல்ட்தான். அதற்குள் அவன் தோளுக்குப் பின்னாலிருந்து ஸ்தனிஸ்லாஸ் தலையை நீட்டினான், கையில் குச்சி.

“மைனி, நீங்க தட்டாம நான் எப்படி உள்ள வர? நாலு தாளம்னு இவன் சொல்லுவான், எண்ணிக்கிட்டு இருந்தா அது ஒருநாளும் சரியா வராது. நீங்க வந்த பொறவுதான் பாட்டு ஒழுங்கா எந்திச்சு நடக்குது. டொக்கு கேட்டா நான் போடுவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

“அப்போ மேடையில?” வாய் தானாகக் கேட்டது. “நான் வாரதில்லையே.”

“மேடையில நானே டிரம்ஸ் ரிம்முல ஒண்ணு தட்டுவேன். அது காப்பி மைனி. ஒரிஜினல் கீழதான இருக்கு.”

சொல்லிவிட்டு அவன் உள்ளே போய்விட்டான், ஏதோ உப்பு போதும் என்று சொல்லிவிட்டுப் போவதுபோல. ரெனிட்டா வந்து அப்பாவின் முழங்கைக்கு அடியில் குனிந்து எட்டிப் பார்த்தாள், கண்ணெல்லாம் சிவந்து, மூக்கு நுனி சிவந்து. “அட, சித்தியா?” என்றாள். “காலேஜ்ல நான் அந்த எடத்துல டெஸ்க்குல ஒரு தட்டு தட்டுவேன். எங்கருந்துடி இதப் பிடிச்சன்னு கேப்பாங்க. பாட்டுலயே இருக்குன்னு சொல்லிருக்கேன்.”

லாம்பர்ட்டுக்கு இப்போது புரிந்துவிட்டது. புரிந்ததும் அவன் இரண்டு படி இறங்கி, கிதார் படிக்கட்டுக் கைப்பிடியில் இடித்து ஙொய்யென்று சத்தம் போட, அங்கேயே நின்றான். “அவ பாட்ட நிறுத்திட்டுப் போயிட்டா ஜெனோ,” என்றான் மெதுவாக. “ரொம்ப நாளு அங்கனயே நின்னுச்சு. நீதான் அதத் தொறந்து விட்ட. ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

தெரியாது. எப்படித் தெரியும், யார் சொன்னார்கள்? எதையாவது வாயைத் திறந்து சொல்கிற மனுஷனா இவன். பதினோரு வருஷமாக ஓங்கி ஓங்கி வைத்தது மேலே போய் வேறு ஏதோவாகச் சேர்ந்திருக்கிறது, போ போ என்று இவள் அடித்ததை அவர்கள் வா வா என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள், “சட்ட தீய்ஞ்சிரும், போய்ப் பாடுங்க,” என்றாள். அவனுக்கு அது போதும், ஏறிப்போனான். பிள்ளை மட்டும் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

இரண்டு கனைப்பு கேட்டது. மறுபடி முதலிலிருந்து. அவள் கடைசிச் சட்டையை விரித்தாள், கை அது பாட்டுக்கு இஸ்திரி போட்டது, ஆனால் ஒன்றும் பழையபடி இல்லை, முன்பெல்லாம் அந்த இடம் வரும்போதுதான் வரும், இப்போது முதல் தந்தியிலிருந்தே அது வருகிறது வருகிறது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தெரியாமல் செய்தது சரியாக விழுந்தது, தெரிந்து செய்தால் பிசகிவிடுமோ. எப்போது வைப்பேன், நின்ற உடனேயா, கொஞ்சம் பொறுத்தா, எண்ண வேண்டுமா, எண்ணினால் வராது என்றானே. முதல் சரணம் போயிற்று. நாளைக்கு எந்தச் சேலை கட்டுவது, நீலச்சேலைக்கு ஜாக்கெட் இறுக்கமாக இருக்கும், பிரித்து விட வேண்டும், முன் வரிசையில் அந்தப் பெண்கள் பார்த்தால் பார்க்கட்டும். இரண்டாவது சரணம். அவன் குரலைத் தாழ்த்தினான், மூச்சு வாங்கினான், பிள்ளையின் கீபோர்டு அவனோடு சேர்ந்து ஏறியது, ஏறியது, எல்லாம் ஒரே வெட்டாக நின்றது. அந்த வெறுமையில் அவளுக்கு மட்டும் கேட்கிற ‘ஐயோ’ கேட்டது, அதன் பின்னாலேயே அந்த அரைச் சிரிப்பும். ஜெனோவா அதை முழுக்கச் சிரித்து முடிக்க விட்டாள். அதனால் கொஞ்சம் பிந்திவிட்டது. பரவாயில்லை, மேலே நான்கு பேரும் காத்துக்கொண்டு நின்றார்கள். அவள் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கித் தாங்கியில் வைத்தாள்.